ஒரு சிறு தொகைக்கான ஒப்புதல்

எல் சால்வடோர் என்ற நாட்டின் பெயரை ஒரு கவிதைத் தொகுப்பில்தான் முதலில் பார்த்தேன். முனைவர் பட்ட ஆய்வுக்கென்று நூலகத்தில் உட்கார்ந்து, ஆய்வுக்குத் தொடர்பில்லாத எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்கக் கவிஞர் கரோலின் ஃபோர்ஷே எழுபதுகளின் இறுதியில் அந்நாட்டுக்குப் போய்க் கண்டவற்றைக் கவிதைகளாக எழுதியிருந்தார். கவிதைகளைவிட அவற்றுக்குப் பின்னாலிருந்த நாடுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தேடிப் படிக்கத் தொடங்கினேன். பரப்பளவில் தமிழ்நாட்டின் ஆறில் ஒரு பங்குகூட வராத நாடு. 1980இல் அதன் மக்கள்தொகை சுமார் 45 லட்சம். காப்பி விளையும் நல்ல நிலங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்களின் கையில். அந்தக் குடும்பங்களுக்குக் காவலாக ராணுவம். ராணுவத்துக்குத் துணையாக அமெரிக்கா.

தேடலில் கிடைத்தவற்றுள் ஒரு கடிதம் இத்தனை ஆண்டுகளாக என்னுடன் இருக்கிறது. 1980 பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை. தலைநகர் சான் சால்வடோரின் பேராயர் ஓஸ்கார் ரொமேரோ, அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்குத் தாம் எழுதிய கடிதத்தைத் திருப்பலியின்போது மக்கள் முன் வாசித்தார். எல் சால்வடோர் ராணுவத்துக்கு அமெரிக்கா உதவி வழங்க யோசிக்கிறது என்று செய்தி வந்திருந்தது. மனித உரிமைகளைக் காக்க நீங்கள் விரும்புவது உண்மையானால் இந்த உதவியைத் தடுங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

அந்த உதவி எவ்வளவு? 57 லட்சம் டாலர். அன்றைய அமெரிக்க மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தேன். தலைக்கு இரண்டரை சென்ட் வருகிறது. பட்டியலில் இருந்தவை லாரிகள், தகவல்தொடர்புக் கருவிகள் போன்றவை. அரசாங்க மொழியில் ‘உயிரைப் பறிக்காத’ உதவி. பெரிய விவாதம் எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே ஒதுக்கிய பணத்தைத் திருப்பிவிட நாடாளுமன்றக் குழு ஒப்புக்கொண்டால் போதும் என்கிற அளவு.

ரொமேரோவுக்கு அந்தச் சிறு உதவியின் அனுபவம் முன்பே இருந்தது. சில மாதங்களுக்கு முன், 1979 நவம்பரில், ஆறு அமெரிக்கர்கள் வந்து இரண்டு லட்சம் டாலர் மதிப்புள்ள வாயு முகமூடிகளையும் குண்டு துளைக்காத அங்கிகளையும் கொடுத்து, ஆர்ப்பாட்டக்காரர்களுக்கு எதிராக அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்றும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு, தமக்குப் பாதுகாப்பு கூடிவிட்ட காவல் படையினர் முன்பைவிட மூர்க்கமாக மக்களைச் சுட்டார்கள் என்று கடிதத்தில் எழுதுகிறார் பேராயர்.

முகமூடி யாரைக் கொல்லும் என்று யாரும் கேட்கலாம். தன் கண் எரியாது, தன் நெஞ்சில் எதுவும் பாயாது என்று தெரிந்த காவலன் இன்னும் நாலடி முன்னால் வருவான். கூட்டத்தில் நிற்பவளுக்கு அந்த நாலடிதான் கணக்கு. வீட்டுக்குள் அடி வாங்கிப் பழகிய பெண்ணுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிப்பவனுக்குப் பின்னால் நிற்பவர்கள் யாரும் கம்பெடுத்துக் கொடுப்பதில்லை. கதவைச் சாத்திக்கொள்ள உதவுவார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்க வெளியுறவு அமைச்சரிடமிருந்து மார்ச் மாதம் மரியாதையான பதில் வந்தது. தரப்படும் கருவியும் பயிற்சியும் அந்நாட்டு ராணுவத்தைத் தொழில்முறையாக்கும், மிகக் குறைந்த உயிர்ச்சேதத்தோடு ஒழுங்கைக் காக்க உதவும் என்று அதில் விளக்கம் இருந்தது. மார்ச் 24ஆம் தேதி மாலை, புற்றுநோயாளிகளுக்காகக் கன்னியர் நடத்திய மருத்துவமனையின் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த ரொமேரோவை ஒருவன் சுட்டுக் கொன்றான். முந்தைய நாள் பிரசங்கத்தில், கொல்லச் சொல்லும் ஆணைக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்று சிப்பாய்களைப் பார்த்துச் சொல்லியிருந்தார் அவர். கொலை நடந்த சில நாட்களுக்குள் அந்த 57 லட்சத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி நான்கு அமெரிக்கப் பெண்களை அந்நாட்டின் தேசியக் காவல் படையினர் வழிமறித்துக் கடத்தி, வன்புணர்ந்து, சுட்டுப் புதைத்தார்கள். மூவர் கன்னியர், ஒருவர் சபைத் தொண்டர். கார்ட்டர் உதவியை நிறுத்தினார். ஆறு வாரத்தில் மீண்டும் தொடங்கினார். இந்த முறை மேலும் 50 லட்சம் டாலர், ஆயுதங்களும் சேர்த்து. அந்தக் கன்னியர் வெறும் கன்னியர் அல்லர், அரசியல் செயல்பாட்டாளர்கள் என்று சொன்னவர், ரேகன் அரசில் ஐ.நா. தூதராகப் பதவியேற்கவிருந்த ஜீன் கர்க்பாட்ரிக். சொன்னவர் ஒரு பெண் என்பது எனக்கு முதலில் அதிர்ச்சியாக இருந்தது. இப்போது இல்லை. அதிகாரத்தின் மேசையில் இடம் கிடைத்த பெண்ணிடம் முதலில் கேட்கப்படும் வேலைகளில் ஒன்று, இன்னொரு பெண்ணைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் சொல்வது.

ரேகன் வந்தபின் 1981 மார்ச்சில் மேலும் இரண்டரைக் கோடி டாலர். மறு ஆண்டு பிப்ரவரியில் அவசர உதவியாக ஐந்தரைக் கோடி. ராணுவ ஆலோசகர்கள் 55 பேருக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு. 55 பேர்தானே, ஒரு பேருந்தில் அடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து பார்த்தால் சிறியதாகவே இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ராணுவ உதவி மட்டும் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

*

1981 டிசம்பர் 10ஆம் தேதி மாலை, மொராசான் மாநிலத்தின் மலைப்பகுதியில் எல் மொசோத்தே என்ற சிற்றூருக்குள் அட்லகாட்ல் படைப்பிரிவு நுழைந்தது. அந்த ஆண்டுதான் அமெரிக்கர்களிடம் பயிற்சி பெற்று உருவான பிரிவு அது. ஊர்க்காரர்களில் பலர் கெரில்லாக்களோடு சேராதவர்கள். வீட்டிலேயே இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நம்பிச் சுற்றுக் குக்கிராமங்களின் மக்களும் அங்கே வந்து கூடியிருந்தார்கள். மறுநாள் காலை ஆண்களைத் தேவாலயத்தில் அடைத்துக் கொன்றார்கள். இளம்பெண்களை மலைக்கு இழுத்துப்போனார்கள். மற்றப் பெண்களைக் கூட்டம் கூட்டமாகக் கூட்டிச்சென்று சுட்டார்கள். கடைசியாகக் குழந்தைகள். அந்த நாட்களில் எல் மொசோத்தேயிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கொல்லப்பட்டவர்கள் ஆயிரத்தை நெருங்குகிறார்கள்.

ஊருக்குள்ளிருந்து தப்பி வந்து நடந்ததைச் சொன்ன சாட்சி ரூஃபினா அமாயா. அவருடைய கணவரும் நான்கு குழந்தைகளும் அன்று கொல்லப்பட்டார்கள். மூத்த மகனுக்கு வயது ஒன்பது. எட்டு மாதக் கைக்குழந்தையை மார்பிலிருந்து பிடுங்கினார்கள். வரிசையின் கடைசியில் நின்ற ரூஃபினா மண்டியிட்டுச் செபித்தபடியே மரத்தடிப் புதருக்குள் ஒதுங்கிவிட்டார். சிப்பாய்கள் கவனிக்கவில்லை. இரவில் குழந்தைகளின் ஓலம் கேட்டது. அதில் தன் மகனின் குரலும் இருந்தது என்று அவர் சொல்கிறார். வாய்விட்டு அழுதால் பிடித்துவிடுவார்கள். மண்ணில் சின்னக் குழி தோண்டி, அதற்குள் முகத்தைப் புதைத்து அழுதார்.

நான் தமிழ் இலக்கியம் கற்பிப்பவள். ஒப்பாரிகள் பற்றியும் புறத்திணையின் கையறுநிலை பற்றியும் எத்தனையோ வகுப்புகள் எடுத்திருக்கிறேன். அழுகை என்றால் அது ஊர் கேட்க அழுவது. அழுவதற்காவது பெண்ணுக்கு இடமிருந்தது என்று பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். சத்தம் வெளியே வராமல் அழ ஒரு குழி தோண்டிக்கொண்ட தாயை எந்தத் துறையில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

1982 ஜனவரி தொடக்கத்தில் அமெரிக்க நாளிதழ்களின் செய்தியாளர்கள் ரேமண்ட் பானரும் அல்மா கியர்மோபிரியேட்டோவும் தனித்தனியே அந்த ஊருக்குப் போனார்கள். பானருடன் சூசன் மைசலாஸ் என்ற புகைப்படக் கலைஞர் போனார். எலும்புகளைப் பார்த்தார்கள், ரூஃபினாவிடம் பேசினார்கள். ஜனவரி 27 அன்று நியூயார்க் டைம்ஸிலும் வாஷிங்டன் போஸ்டிலும் செய்தி வந்தது. மறுநாள், ஜனவரி 28 அன்று, எல் சால்வடோர் அரசு மனித உரிமைகளைக் காக்க உண்மையாக முயன்றுவருகிறது என்று ரேகன் நாடாளுமன்றத்துக்குச் சான்றளித்தார்.

இந்தச் சான்றுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. ஆறு மாதத்துக்கொரு முறை அதிபர் இப்படிச் சான்றளித்தால்தான் ராணுவ உதவி தொடரும். மனச்சாட்சியுள்ள உறுப்பினர்கள் போராடிக் கொண்டுவந்த நிபந்தனை அது. நிபந்தனையை ஏற்றுக்கொள்வதுபோல அதைச் செல்லாததாக்க வேறு வழியில்லை. நடந்த கொலையை நடக்காததாக்க முடியாது, சொன்னவளை நம்பத்தகாதவளாக்கலாம். தூதரக அதிகாரிகள் இருவர் ஹெலிகாப்டரில் அந்தப் பகுதிக்கு மேலே பறந்து பார்த்தார்கள், அருகிலுள்ள ஊர்களில் விசாரித்தார்கள். எல் மொசோத்தேயில் அவர்கள் காலே வைக்கவில்லை. பிப்ரவரி தொடக்கத்தில் துணை வெளியுறவு அமைச்சர் தாமஸ் எண்டர்ஸ் நாடாளுமன்றக் குழுவின் முன், அரசுப் படையினர் திட்டமிட்டுப் பொதுமக்களைக் கொன்றார்கள் என்பதை உறுதிப்படுத்தும் ஆதாரம் கிடைக்கவில்லை என்றார். அந்த ஊரின் மக்கள்தொகையே 300தான், எப்படி அத்தனை பேர் செத்திருக்க முடியும் என்பது இன்னொரு வாதம். உதவி தொடர்ந்தது. இப்படி நான்கு முறை சான்றளித்தார்கள். 1983 நவம்பரில் அந்தச் சட்டத்தை நீட்டிக்க ரேகன் கையெழுத்திட மறுத்ததும் சான்றளிக்கும் சடங்கும் ஓய்ந்தது.

*

‘உறுதிப்படுத்தும் ஆதாரம் கிடைக்கவில்லை.’ இந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்தேன். அதை நானே எழுதியிருக்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழுவில் உறுப்பினராக இருந்தேன். முதுகலை மாணவி ஒருத்தி ஒரு பேராசிரியர் மீது புகார் கொடுத்தாள். குழுவில் ஐந்து பேர். மூன்று முறை கூடினோம். அவளை ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டோம். அந்த அறைக்குப் போய்ப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் வராந்தாவில் யார் இருப்பார்கள் என்று துப்புரவுப் பணியாளர் அம்மாவிடம் கேட்கவில்லை. தரமதிப்பீட்டுக் குழு வரவிருந்த மாதம் அது. கல்லூரியின் பெயர், மானியம், எல்லாம் பேசப்பட்டன. “ஒண்ணும் நடக்கலைன்னு நாம சொல்லலையே மேடம், ஆதாரம் கிடைக்கலைன்னுதானே சொல்றோம்” என்றார் தலைவர். சரியான தமிழில் அந்த வாக்கியத்தை அமைத்துக் கொடுத்தது நான்தான். தமிழ்த்துறை ஆளாயிற்றே. அடுத்த பருவம் தொடங்குவதற்குள் அவள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டும் ஒன்றல்ல. ஒரு கல்லூரி வராந்தாவையும் ஒரு படுகொலையையும் ஒரே தட்டில் வைத்தால் ரூஃபினாவுக்கு அநியாயம் செய்தவளாவேன். நான் சொல்லவருவது அந்த வாக்கியத்தைப் பற்றி. அது பொய் சொல்வதில்லை, அதுதான் அதன் பலம். போய்ப் பார்க்காதவனுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பது உண்மைதானே? எழுதுபவள் இரவு நிம்மதியாகத் தூங்கலாம். ஏற்கெனவே முடிவு செய்த ஒன்று தடையில்லாமல் நடக்கும். அதற்கு விலையாக ஒரு பெண்ணின் வார்த்தை தள்ளுபடியாகும்.

*

ராணுவ உதவியை ஆதரித்தவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்து நிகரகுவாவில் 1979இல் ஆட்சி கவிழ்ந்திருந்தது. அடுத்தது இது என்ற அச்சம் வாஷிங்டனில் இருந்தது. 1980இல் நிலச் சீர்திருத்தம் அறிவித்த ஓர் ஆட்சிக்குழுவை இருபக்கத் தீவிரவாதிகளிடமிருந்தும் காப்பாற்றுகிறோம் என்று சிலர் உண்மையாகவே நம்பினார்கள். கெரில்லாக்களும் கொன்றார்கள், ஊர்த்தலைவர்களைச் சுட்டார்கள். போருக்குப் பின் ஐ.நா. அமைத்த உண்மை ஆணையத்துக்கு 22,000க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. அவற்றில் ஏறக்குறைய 85 விழுக்காடு அரசுப் படையினர், அவர்களோடு சேர்ந்த துணைப்படைகள், கொலைக் குழுக்கள்மீது. கெரில்லாக்கள்மீது சுமார் 5 விழுக்காடு. குறைவு என்பதால் அந்த ஐந்து விழுக்காட்டை மறந்துவிட முடியாது.

அவர்களின் வலுவான வாதம் இது: உதவி செய்தால்தான் அந்த அரசின்மேல் நமக்குப் பிடி இருக்கும், திருத்த முடியும். பிடி இருந்தது உண்மைதான். 1983 டிசம்பரில் துணை அதிபர் புஷ் நேரில் போய், கொலைக் குழுக்களை அடக்காவிட்டால் உதவி தொடர்வது கடினம் என்று எச்சரித்தபின் அந்தக் கொலைகள் குறைந்தன. எனக்கு இது ஆறுதலாக இல்லை, கூடுதல் கோபமாக இருக்கிறது. நிறுத்துவேன் என்று சொன்னதற்குத்தான் பலன் கிடைத்தது, கொடுத்ததற்கு அல்ல. அதைத்தானே ரொமேரோ மூன்றே முக்கால் ஆண்டுகளுக்கு முன் கேட்டார்?

காணாமல் போனவர்களின் தாய்மார்களும் அதையே கேட்டார்கள். ரொமேரோவின் துணையோடு 1977இல் உருவான அந்தத் தாய்மார்கள் குழு, கறுப்பு உடையும் வெள்ளைத் தலைத்துணியுமாகத் தெருவில் நின்றது, பிணங்கள் வீசப்பட்ட இடங்களுக்கெல்லாம் போய் முகம் பார்த்தது. 1984இல் ராபர்ட் கென்னடி பெயரிலான மனித உரிமை விருது அவர்களுக்குக் கிடைத்தது. நேரில் போய்ப் பெற்றுக்கொள்ள அமெரிக்க அரசு விசா தரவில்லை. ராணுவத்துக்கான பணம் எல்லை தாண்டிப் போனது. அந்தப் பணம் என்ன செய்தது என்று சொல்ல வந்தவர்களை எல்லை தடுத்தது.

1989 நவம்பரில் அதே அட்லகாட்ல் பிரிவினர் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆறு இயேசு சபைக் குருக்களைக் கொன்றார்கள். அங்கே சமையல் வேலை பார்த்த எல்பா ராமோஸும் அவருடைய பதினாறு வயது மகள் செலினாவும் அன்றிரவு வெளியே சண்டை நடக்கிறதென்று பாதுகாப்புக்காக அங்கே தங்கியிருந்தார்கள். சாட்சி மிஞ்சக் கூடாதென்று அவர்களையும் கொன்றார்கள். உலகம் அதிர்ந்தது. மறு ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ராணுவ உதவியைப் பாதியாகக் குறைத்தது. போர் 1992 ஜனவரியில் முடிந்தபோது பலியானோர் சுமார் 75,000 பேர். இன்றும் பல இடங்களில் அந்தக் கொலை ‘ஆறு குருக்களின் படுகொலை’ என்றே குறிக்கப்படுகிறது.

1992 அக்டோபரில் அர்ஜென்டினாவிலிருந்து வந்த தடயவியல் மானிடவியலாளர்கள் எல் மொசோத்தே தேவாலயத்தை ஒட்டியிருந்த சிறு கட்டடத்தில் மண்ணைத் தோண்டினார்கள். அந்த ஓர் இடத்தில் மட்டும் 143 பேரின் எச்சங்கள். 131 பேர் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள். சராசரி வயது ஆறு. பெரியவர்கள் ஏழு பேரில் ஆறு பேர் பெண்கள், ஒருத்தி நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. அங்கே கிடைத்த தோட்டா உறைகள் 245. முத்திரை படிக்க முடிந்த 184 உறைகளும் அமெரிக்க அரசுக்காக மிசூரி மாநிலத்தின் லேக் சிட்டியில் செய்யப்பட்டவை. பதினோரு ஆண்டுகளாகக் கிடைக்காத ஆதாரம் மண்ணுக்குள் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்பதை ரூஃபினா முதல் மாதமே சொல்லியிருந்தார்.

மறு ஆண்டு மார்ச்சில் உண்மை ஆணையம் அறிக்கை தந்தது. ஐந்தே நாளில் எல் சால்வடோர் நாடாளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டம் நிறைவேற்றியது. அதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய 2016 வரை ஆனது. அதைப் பார்க்க ரூஃபினா இல்லை. 2007 மார்ச்சில் இறந்துபோனார். அதுவரை, வந்து கேட்டவர்களிடமெல்லாம் அந்த இரவைச் சொல்லிக்கொண்டேயிருந்தார். நம்புகிறாயா என்று அவர் யாரிடமும் கெஞ்சியதாக நான் படித்ததில்லை. என்ன நடந்தது, யார் யார், எந்த மரம் என்று சொல்வார்.

சிறு நட்பு நாடொன்றுக்குச் சிறு ராணுவ உதவி என்ற செய்தியை எந்த நாளிதழிலும் பார்க்கலாம், நம் நாட்டுப் பெயரோடும் பார்க்கலாம். ஒற்றைப் பத்தியில் முடிந்துவிடும். தொகை சிறியது என்று சொல்பவர் தன் பையைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிறார். அது போய்ச் சேரும் ஊரில் அதன் அளவு என்ன என்பதை அங்கிருக்கும் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். அவள் சொன்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்போது வேறு கல்லூரியில் இருக்கிறேன். மறுபடி ஒரு குழுவில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். பழைய அறிக்கையின் நகல் என் பீரோவில் இருக்கிறது. ஐந்து கையெழுத்துகளில் மூன்றாவது என்னுடையது. அந்த மாணவியின் இப்போதைய முகவரியை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.